பிணவறைக்கு வந்து சேராத சாட்சி

1947இல் சேப்பாக்கம் மைதானத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ரன் எடுத்தவர் இலங்கைத் தமிழரான மகாதேவ சதாசிவம். நான்கு ஆண்டு கழித்து, 1951 அக்டோபர் 9 அன்று, கொழும்பு பம்பலப்பிட்டியில் அவருடைய மனைவி வீட்டுக் கராஜில் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்து கிடந்தார். கணவன் மனைவிக்கிடையே மணவிலக்கு வழக்கு நடந்துகொண்டிருந்த நேரம். முந்தின இரவு அந்த வீட்டில் தங்கிய சதாசிவம், காலை சுமார் 10.30 மணிக்கு வாடகைக் காரில் கிளம்பிப் போயிருந்தார். வேலைக்குச் சேர்ந்து சில நாளே ஆன சமையல்கார இளைஞரைக் காணவில்லை. போலீஸ் சதாசிவத்தைக் கைது செய்தது. சில நாளில் பிடிபட்ட சமையல்காரர், “படுக்கையறையில் ஐயாதான் கொன்றார், உடலைக் கீழே கொண்டுவர நான் கைகொடுத்தேன்” என்ற பொருளில் வாக்குமூலம் தந்தார். நிபந்தனை மன்னிப்புப் பெற்று அரசுத் தரப்புச் சாட்சியும் ஆனார்.

உயிர் போனது 10.30க்கு முன்பா, பின்பா என்பதே வழக்கின் உயிர்நாடியாகிவிட்டது. முன்பு என்றால் கணவருக்குத் தூக்கு. பின்பு என்றால் சமையல்காரர் சொன்னது பொய்.

உடலைப் பரிசோதித்தவர் ஜி.எஸ்.டபிள்யூ.டி சேரம், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் சட்ட மருத்துவப் பேராசிரியர். இறந்தவரின் உடல் சூடு இறங்கும் வேகத்தை வைத்து நேரத்தைக் கணிப்பது பழைய முறைதான். ஆனால் அதற்கான அளவுகள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் எடுக்கப்பட்டவை. கொழும்புப் புழுக்கத்தில் ஒரு உடல் எப்படிக் குளிரும் என்பதற்குச் சரியான கணக்கு கையில் இல்லை. டி சேரம் அந்தக் கணக்கை உருவாக்க இறங்கினார். தூக்கிலிடப்பட்ட கைதிகள் இறந்த நேரம் துல்லியமாகத் தெரியும் என்பதால், அவர்களுடைய உடல்களில் சூடு குறைவதைத் தொடர்ந்து அளந்தார். வெப்ஸ்டர், கதிர்காமத்தம்பி ஆகியோருடன் சேர்ந்து அவர் 1955இல் வெளியிட்ட அந்த ஆய்வு, வெப்பமண்டல நாடுகளுக்கான முன்னோடி முயற்சிகளில் ஒன்று.

அறிவியலுக்கு அது அருமையான வேலை. ஒருவரைத் தூக்கிலிட அது போதுமா என்பது வேறு விஷயம். இறக்கும்போது 37 டிகிரியில் இருக்கும் உடல், கடுங்குளிர் அறையில் கிடந்தால் மணிக்கு மணி வித்தியாசம் தெரியும். 28, 30 டிகிரி இருக்கும் வீட்டில் சூடு மெல்ல மெல்லத்தான் இறங்கும்; அரை டிகிரி பிசகினால் நேரக் கணக்கு எங்கோ போய்விடும். சித்திரை மாத மதியத்தில் சென்னை மொட்டைமாடியில் கிடக்கும் உடல் குளிரவே குளிராது. இறந்தவர் ஒல்லியா பருமனா, காய்ச்சல் இருந்ததா, கடைசியில் போராடினாரா, கிடந்தது சிமென்ட் தரையா மெத்தையா என ஒவ்வொன்றும் கணக்கை ஒரு பக்கம் இழுக்கும். சதாசிவத்துக்காக வாதாடிய கொல்வின் ஆர்.டி சில்வா, எடின்பரோவின் புகழ்பெற்ற சட்ட மருத்துவப் பேராசிரியர் சர் சிட்னி ஸ்மித்தை வரவழைத்தார். இந்தக் கணக்கைக் கொண்டு 10.30க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அறுதியிட முடியாது என்பது ஸ்மித்தின் நிலை.

ஸ்மித் எடுத்துக்காட்டிய இன்னொரு சங்கதி இருக்கிறது. இறந்தவரின் உள்ளங்கால்கள் அழுக்காக இருந்தன. படுக்கையறையில் கொல்லப்பட்டுத் தூக்கி வரப்பட்டவருக்கு உள்ளங்காலில் அழுக்கு ஏது? சமையலறைத் தரையில் வெறுங்காலோடு நின்றவருக்குத்தான் அப்படி ஒட்டியிருக்கும் என்பது அவருடைய வாதம். கொலை நடந்தது படுக்கையறை அல்ல, சமையலறை என்று அவர் கருதினார். சமையல்காரரின் உடம்பில் இருந்த கீறல்களும் அந்தக் கோணத்தில் பார்க்கப்பட்டபோது வேறு அர்த்தம் பெற்றன. நீதிபதி நோயல் கிரேஷியன் முன்பு 57 நாள் நடந்த விசாரணை 1953 ஜூன் 25 அன்று முடிந்தது. ஜூரிகள் ஒருமனதாகச் சதாசிவத்தை விடுவித்தார்கள்.

நேரக் கணக்கு தடுமாறிய வழக்கில் உள்ளங்கால் அழுக்கு பேசியது. அது பேசியதற்குக் காரணம், உடலையும் அது கிடந்த இடத்தையும் ஒருவர் சேர்த்து வைத்துப் பார்த்ததுதான். உடலை யாராவது கழுவிவிட்டிருந்தால், சமையலறைத் தரையை யாரும் கவனிக்காமல் விட்டிருந்தால், அந்த வாதத்துக்கே இடமில்லாமல் போயிருக்கும்.

நம் ஊரில் சந்தேக மரணம் என்றால் என்ன நடக்கிறது? தகவல் கிடைத்ததும் காவல் அதிகாரி இடத்துக்குப் போகிறார். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆவது பிரிவு. அக்கம்பக்கத்தார் இருவருக்குக் குறையாமல் வைத்துக்கொண்டு பிரேத விசாரணை அறிக்கை எழுதப்படுகிறது. திருமணமாகி 7 ஆண்டுக்குள் இறந்த பெண் என்றால் கோட்டாட்சியர் விசாரணையும் உண்டு. அதன் பிறகு உடல் அரசு மருத்துவமனைப் பிணவறைக்குப் போகிறது. மருத்துவர் உள்ளே வருவது இந்தக் கட்டத்தில்தான். அதற்குள் தொங்கிய உடல் இறக்கப்பட்டிருக்கும். அவசரத்தில் முடிச்சு அவிழ்க்கப்பட்டிருக்கும், அல்லது கயிறு ஸ்டேஷனிலேயே இருக்கும். வீட்டார் முகத்தைத் துடைத்திருப்பார்கள். சில வீடுகளில் குளிப்பாட்டி வேறு உடை உடுத்தியும் இருப்பார்கள். மருத்துவர் கைக்கு வருவது ஒரு உடலும், காவல் நிலையத்தின் கோரிக்கைக் கடிதமும். அந்தக் கடிதத்தில் இரண்டு மூன்று வரியில் ஒரு கதை இருக்கும்: குடும்பத் தகராறு, மன உளைச்சல், பூச்சிமருந்து.

ஆக, இடம் வருவதில்லை. கதை மட்டும் வந்துவிடுகிறது. நடக்க வேண்டியதற்கு நேர் தலைகீழ் இது.

இடத்தைப் பார்க்காமல் ஒரு உடலை மட்டும் பார்ப்பவர் எங்கெல்லாம் வழுக்கக்கூடும் என்பதைச் சட்ட மருத்துவம் படித்தவர்கள் நன்றாக அறிவார்கள். எறும்பிலிருந்தே தொடங்கலாம். இறந்து சில மணி நேரம் தரையில் கிடந்த உடலை எறும்பு மொய்க்கும். கண் இமை, உதடு, அக்குள், கழுத்து மடிப்பு என ஈரமும் மெல்லிய தோலும் உள்ள இடங்களில் மேல்தோலைக் கடித்து எடுத்துவிடும். அந்த இடம் காய்ந்ததும் பழுப்பு நிறத்தில் தோல் தடித்து, விளிம்பு வளைந்து நெளிந்து, சிராய்ப்பு போலவே தெரியும். கழுத்து மடிப்பு நெடுக அப்படி ஒரு கோடு விழுந்தால் கயிற்றுத் தடம் என்று பார்த்தவர் சத்தியம் செய்வார். வாயைச் சுற்றி இருந்தால் ஆசிட் வழிந்த காயம், அல்லது வாயைப் பொத்திய நகக்கீறல் என்று தோன்றும். கத்தி வைத்து அந்த இடத்தைத் திறந்து பார்த்தால் அடியில் ரத்தக்கட்டு இருக்காது. உயிரோடு இருந்தபோது பட்ட காயத்துக்குரிய எதிர்வினையும் இருக்காது. உடல் கிடந்த இடத்தில் எறும்புச் சாரை ஓடியதை ஒரு காவலர் படமெடுத்து அனுப்பியிருந்தால் சந்தேகமே எழாது.

அழுகல் இன்னும் பெரிய ஏமாற்றுக்காரன். நம் வெயிலில் ஒரு நாள் தாண்டினாலே வயிற்றின் வலப்பக்கக் கீழ்ப்பகுதியில் பச்சை படரத் தொடங்கிவிடும். பிறகு வாயு நிரம்பி முகம் ஊதும், கண் பிதுங்கும், நாக்கு வெளியே தள்ளும், மூக்கிலும் வாயிலும் சிவப்பாகத் திரவம் ஒழுகும். பூட்டிய வீட்டை உடைத்துக்கொண்டு போகிறவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். நாக்கு தள்ளியிருக்கிறது, ரத்தம் கக்கியிருக்கிறான், யாரோ கழுத்தை நெரித்திருக்கிறார்கள் என்று தெருவே பேசும். அந்த முகத்தைப் பார்த்த தாயிடம், அழுகலின் வாயுதான் அதைத் தள்ளியது என்று விளக்குவது எந்த மருத்துவருக்கும் எளிதல்ல. ஆனாலும் விளக்கியாக வேண்டும். அதை விளக்காமல் விட்ட இடத்தில்தான் வதந்தி வேர்விடுகிறது.

உடலின் அடிப்பக்கத்தில் ரத்தம் தேங்கி ஊதா நிறம் படிவதையும் அடிபட்ட கன்றல் என்று நினைத்துவிடுவதுண்டு. அதையே சரியாகப் படித்தால் பெரிய தகவல்: மல்லாந்து கிடந்த உடலில் மார்புப் பக்கம் நிறம் படிந்து நிலைத்திருந்தால், யாரோ பிறகு புரட்டிப் போட்டிருக்கிறார்கள். தீயில் கருகிய உடல் கை கால் மடக்கி, குத்துச்சண்டைக்கு நிற்பவர் போலக் கிடக்கும். கடைசி நிமிடத்தில் போராடினார் என்று பார்ப்பவர் நினைப்பார். வெந்த தசை சுருங்கியதுதான் காரணம். பிணத்தைக் கொளுத்தினாலும் அப்படித்தான் மடங்கும். வெப்பத்தில் மண்டையோடு விரிசல் விடும், உள்ளே ரத்தம் சேர்ந்து கட்டியாகும். கட்டையால் அடித்ததற்கும் அதற்கும் வேறுபாடு காணத் தனிப் பயிற்சி வேண்டும். மூச்சுக்குழாயில் கரிப்புகை படிந்திருக்கிறதா, ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறியிருக்கிறதா என்று தேடுவதும் அதனால்தான். இருந்தால், தீப்பிடித்தபோது அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். இல்லாவிட்டால் முன்பே இறந்தவர் என்று உடனே எழுதிவிட முடியாது. சட்டென்று பற்றிய பெருந்தீயில் ஒருவர் புகையை இழுக்கும் முன்பே இறந்துவிடக்கூடும். இங்கேயும் மண்ணெண்ணெய் எங்கே சிந்தியிருந்தது, கதவு எந்தப் பக்கம் பூட்டியிருந்தது என்பதை அறை சொல்ல வேண்டும்.

தொலைக்காட்சி விவாதங்களில் அடிக்கடி கேட்கும் ஒரு வாதத்தையும் சொல்ல வேண்டும். “கால் தரையில் பட்டுக்கொண்டிருந்தது, அப்புறம் எப்படித் தூக்கு?” உறவினர்களின் ஆற்றாமையில் இருந்து வரும் கேள்வி அது, அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கால் தரையில் பட்டிருந்தது என்பதாலேயே அது கொலை ஆகிவிடாது என்பது சட்ட மருத்துவ நூல்கள் எல்லாம் ஒப்புக்கொண்ட செய்தி. அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: கழுத்தில் சாய்வான தடம் இருப்பதாலேயே அது தற்கொலையும் ஆகிவிடாது. உடலில் வேறு காயம் உண்டா, தடத்தின் கீழே திசுக்கள் எப்படி இருக்கின்றன, உத்தரத்துக்கும் தரைக்கும் இடையே எவ்வளவு உயரம், உத்தரத்துத் தூசி எப்படிக் கலைந்திருக்கிறது என்று எல்லாம் கூடித்தான் பதில் வரும். கழுத்தைத் திறக்கும் முறையிலும் கண்ணி இருக்கிறது. தலையிலும் மார்பிலும் ரத்தம் வடியும் முன்பே கழுத்தை அறுத்தால், கத்தி பட்டதிலேயே தசைக்குள் ரத்தம் கசிந்து நெரித்த காயம் போலத் தோன்றும். பிரின்ஸ்லூ, கார்டன் என்ற இரண்டு மருத்துவர்கள் 1951இலேயே இதை எழுதி எச்சரித்துவிட்டார்கள். கத்தியைப் பிணவறை உதவியாளர் கையில் கொடுத்துவிட்டு மருத்துவர் தள்ளி நிற்கும் வழக்கம் எத்தனை ஆபத்தானது என்பதற்கு இந்த ஒன்றே போதும்.

கிராமத்து மரணங்களில் இடத்தின் சாட்சி இல்லாமல் துலங்கவே துலங்காத ஒன்று உண்டு: கட்டுவிரியன் கடி. இந்தப் பாம்பு இரவில் வரும். தரையில் பாய் விரித்துப் படுத்தவரைத் தூக்கத்திலேயே கடிக்கும். பல் மிகச் சிறியது. பல நேரம் வலியே இருக்காது, வீக்கம் இருக்காது, தேடினாலும் தடம் கிடைக்காது. விடியற்காலை வயிற்றுவலி, வாந்தி என்று எழுந்திருப்பவருக்குக் கண் இமை தொங்கும், பேச்சு குழறும், மூச்சுத் தசை செயலிழக்கும். இறந்த பின் உடலைத் திறந்தால் குறிப்பாகக் காட்ட எதுவும் இருக்காது. உள்ளுறுப்புகளை ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பினால், அங்கே வழக்கமாகத் தேடுவது பூச்சிமருந்து, சாராயம், தாவர நஞ்சு, உலோக நஞ்சு. ‘நஞ்சு இல்லை’ என்று அறிக்கை வரும். அதற்குள் ஊர் அந்த வீட்டு மருமகளையோ மனைவியையோ ஜாடையாகப் பேசத் தொடங்கியிருக்கும். அவர் படுத்தது கட்டிலிலா தரையிலா, சுவரில் எலிவளை உண்டா, பக்கத்தில் வைக்கோலோ விறகோ அடுக்கியிருந்ததா என்று அந்த வீட்டில் நின்று ஒருவர் பார்த்திருந்தால் இந்தப் பழி விழுந்திருக்காது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020இல் வெளியான பெரிய ஆய்வு மதிப்பிட்டது. அரிதான மரணம் என்று ஒதுக்கிவிடக்கூடிய எண்ணிக்கை அல்ல.

தலைகீழாகவும் நடந்திருக்கிறது. 2020 மே மாதம் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் ஒரு இளம்பெண் தாய்வீட்டில் நல்லபாம்பு கடித்து இறந்தார். அதற்கு முன்பே ஒருமுறை விரியன் கடித்துப் பிழைத்தவர். பாம்பு அறைக்குள்ளேயே கிடைத்தது, அடித்துப் புதைத்தும்விட்டார்கள். உடலை மட்டும் பார்த்தால் பாம்புக்கடி மரணம். அதில் பொய்யே இல்லை. ஆனால் பெற்றோருக்கு மனம் ஒப்பவில்லை. புதைத்த பாம்பு தோண்டி எடுக்கப்பட்டு அதற்கும் பிரேதப் பரிசோதனை நடந்தது. அந்த அறைக்குள் பாம்பு தானாக வந்திருக்க முடியுமா என்று அறையின் அமைப்பு ஆராயப்பட்டது. பொம்மைக் கையில் கோழி இறைச்சியைக் கட்டி, உயிருள்ள நல்லபாம்பைக் கொண்டு சோதனை செய்தார்கள். தானாகக் கடிக்கும்போது விழும் இரண்டு பல் தடங்களுக்கு இடையே உள்ள தூரத்தைவிட, தலையைப் பிடித்து அழுத்திக் கடிக்க வைக்கும்போது தூரம் கூடுகிறது. இறந்த பெண்ணின் உடலில் இருந்த தடங்கள் அகன்றிருந்தன. 2021 அக்டோபரில் கணவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை கிடைத்தது. மரணத்தின் காரணம் பாம்பு. மரணத்தின் தன்மை கொலை. முதலாவதை உடல் சொன்னது. இரண்டாவதற்கு அறையும் பாம்பும் தேவைப்பட்டன.

அப்படியானால் எல்லாத் தகவலையும் முதலிலேயே மருத்துவர் காதில் போட்டுவிடலாமா? அங்கேதான் அடுத்த பள்ளம் இருக்கிறது. அதில் விழுந்த நாடு கனடா.

சார்லஸ் ஸ்மித் என்பவர் டொரன்டோவில் குழந்தைகள் மரணத்தை ஆராய்வதில் நாட்டிலேயே பெரிய பெயர் எடுத்திருந்தார். குழந்தை நோய்க்குறியியல் படித்தவர். சட்ட மருத்துவத்தில் முறையான பயிற்சி இல்லாதவர். 1997இல் ஒன்டாரியோ மாகாணத்தின் கிங்ஸ்டன் நகரில் 7 வயதுச் சிறுமி ஒருத்தி வீட்டின் அடித்தள அறையில் உடலெங்கும் காயங்களோடு இறந்து கிடந்தாள். கத்தரிக்கோல் போன்ற ஆயுதத்தால் எண்பதுக்கு மேற்பட்ட முறை குத்தப்பட்டிருக்கிறாள் என்றார் ஸ்மித். தாய் மீது கொலைக் குற்றச்சாட்டு வந்தது, சிறைக்குப் போனார். அந்த அடித்தளத்தில் அன்று ஒரு பிட்புல் நாய் இருந்தது. நாய்க்கடியாக இருக்கலாமே என்று எதிர்த்தரப்பு கேட்டபோது ஸ்மித் அடியோடு மறுத்தார். 1999இல் உடல் தோண்டி எடுக்கப்பட்டு வேறு நிபுணர்கள் பார்த்தார்கள். நாய்ப் பல் தடங்கள் இருந்தன. 2001இல் வழக்கு திரும்பப் பெறப்பட்டது. மகளைப் பறிகொடுத்த தாய்க்கு, மகளைக் கொன்றவள் என்ற பெயரும் சேர்ந்து கிடைத்திருந்தது.

இது தனி ஒரு சறுக்கல் அல்ல. 1993இல் இறந்த 4 வயதுக் குழந்தையின் உடலில் இறப்புக்குப் பின் இயல்பாக ஏற்பட்ட மாற்றங்களைப் பாலியல் வன்கொடுமைக் காயம் என்று படித்ததால், அக்குழந்தையின் தந்தையுடைய சகோதரர் கொலைகாரர் என்று தீர்ப்பாகி, 2007இல்தான் விடுவிக்கப்பட்டார். அதிலும் ஸ்மித்தின் கருத்து இருந்தது. நீதிபதி ஸ்டீபன் கவுட்ஜ் தலைமையிலான விசாரணை ஆணையம் 2008இல் அறிக்கை தந்தது. மறு ஆய்வு செய்யப்பட்ட 45 வழக்குகளில் 20இல் ஸ்மித்தின் முடிவுகள் சிக்கலானவை என்று நிபுணர்கள் கண்டிருந்தார்கள். அந்த மாகாணத்தில் 1995இல் ஒரு சுற்றறிக்கை போயிருந்தது: குழந்தை மரணம் என்றால் தவறு நடந்திருப்பதாகவே எண்ணிக்கொண்டு தொடங்குங்கள் என்று. கொடுமைக்குள்ளான குழந்தைகளைக் கைவிட்டுவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் எழுதியதுதான். ஆனால் சந்தேகத்தை முதலில் ஏற்றிக்கொண்டு உடலைத் திறந்தவருக்கு எல்லாமே சந்தேகமாகத் தெரிந்தது.

இந்த மனப்போக்கை இட்டியல் டிரார் என்ற உளவியல் ஆய்வாளரும் சில சட்ட மருத்துவர்களும் சேர்ந்து சோதித்துப் பார்த்தார்கள். 2021இல் வெளியான ஆய்வு அது. 133 அமெரிக்கச் சட்ட மருத்துவர்களுக்கு ஒரு குழந்தை மரணத்தின் விவரம் தரப்பட்டது. மருத்துவக் குறிப்புகள் எல்லோருக்கும் ஒன்றே. சிலருக்கு மட்டும், குழந்தை கறுப்பினம், அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தாயின் காதலர் என்று இருந்தது. மற்றவர்களுக்கு, வெள்ளைக் குழந்தை, பார்த்துக்கொண்டிருந்தவர் பாட்டி. முதல் கதையைப் படித்தவர்களில் கொலை என்றவர்கள் மிகுதி; இரண்டாவதைப் படித்தவர்களில் விபத்து என்றவர்கள் மிகுதி. ஆய்வின் மீது அத்துறையிலிருந்தே கடும் எதிர்ப்பு வந்தது. யார் உடன் இருந்தார் என்பதும் மருத்துவத் தகவல்தானே என்பது அவர்கள் வாதம். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நம் ஊரில் குழந்தையின் இனத்துக்குப் பதில் சாதியையும், தாயின் காதலருக்குப் பதில் கலப்பு மணம் செய்த மருமகனையும் வைத்து யோசித்தால் அந்தச் சோதனையின் கனம் புரியும்.

பிறகு என்னதான் வழி? இடத்தைக் காட்டுங்கள், கதையைப் பிறகு சொல்லுங்கள். அறையின் படம், கயிறு, தரையில் இருந்த சொம்பு, மாத்திரை அட்டை, கதவுத் தாழ்ப்பாள், அறையின் வெப்பம் ஆகியவை யாருடைய கருத்தும் கலக்காத பொருள்கள். ‘மாமியார் கொடுமை’, ‘காதல் தோல்வி’ என்பவை ஒருவர் எடுத்த முடிவுகள். முதல் வகையைப் பிரேதப் பரிசோதனைக்கு முன்பே மருத்துவர் பார்க்க வேண்டும். இரண்டாவது வகையை, அவர் உடலில் கண்டதை எல்லாம் எழுதி முடித்த பிறகு படிக்கட்டும். படித்த பிறகு கருத்து மாறினால், ஏன் மாறியது என்பதையும் அறிக்கையில் எழுதட்டும்.

இந்த ஒழுங்குக்கு முன்னோடிகள் உண்டு. 1247இல் சீனாவில் மரண விசாரணைக்குக் கையேடு எழுதிய சோங் சீ என்ற நீதி அதிகாரி, அதிகாரிகள் நாற்றத்துக்கு அஞ்சித் தள்ளி நிற்காமல் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்தினார். 1940களில் அமெரிக்காவில் பிரான்சஸ் கிளெஸ்னர் லீ என்ற பெண்மணி, மரணம் நிகழ்ந்த அறைகளைப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் பொம்மை வீடுகளாகச் செய்து, அவற்றைப் பார்த்துப் பழகும்படி விசாரணை அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார். அவற்றில் 18 இன்றும் பால்டிமோரில் பயன்படுகின்றன. சென்னைக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. இந்தியாவின் முதல் சட்ட மருத்துவப் பிரேதப் பரிசோதனையாகச் சொல்லப்படுவது 1693இல் சென்னையில் நடந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்குழு உறுப்பினர் ஜேம்ஸ் வீலர், மருத்துவர் சாமுவேல் பிரவுன் தந்த மருந்தைச் சாப்பிட்டு இறந்தார். மருத்துவர் எட்வர்ட் பல்க்லி உடலைத் திறந்து பார்த்தார். உடலில் தெரிந்தது பாஷாணத்தின் வேலை. அது எப்படி வந்தது என்பதற்கு விடை கல்வத்தில் இருந்தது. முன்பு பாஷாணம் அரைத்த கல்வத்தைச் சரியாகக் கழுவாமல் அதிலேயே வேலையாள் முத்துப்பொடி அரைத்திருந்தார். பிரவுன் தண்டனை இல்லாமல் தப்பினார்.

‘காரணம் தீர்மானிக்க இயலவில்லை’ என்று எழுதும் துணிவும் மருத்துவருக்கு வேண்டும். காவல் அதிகாரியும் உறவினரும் செய்தியாளரும் கதவருகே நின்று “கொலையா, தற்கொலையா?” என்று கேட்கும்போது, தெரியவில்லை என்று சொல்வது தோல்வி போலத் தோன்றும். அமெரிக்கச் சட்ட மருத்துவர் ஆலன் மோரிட்ஸ் 1956இல் தம் துறையின் பெருந்தவறுகளைத் தொகுத்தபோது, அவசரப்பட்டுப் பேசுவதையும் அளவுக்கு மீறிப் பேசுவதையும் அதில் சேர்த்தார். அதற்கு மூன்று ஆண்டு கழித்து, கனடாவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. இறந்த சிறுமியின் இரைப்பையில் இருந்த உணவை வைத்து, மிகக் குறுகிய நேர இடைவெளிக்குள் மரணத்தை நிறுத்திச் சொன்ன மருத்துவச் சாட்சியம் அவனுக்கு எதிரான முக்கிய ஆதாரம். தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டு உயிர் தப்பிய அவர், 2007இல்தான் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார். செரிமானம் அவ்வளவு துல்லியமான கடிகாரம் அல்ல என்பதை ஏற்க நீதிமன்றத்துக்கு 48 ஆண்டு ஆயிற்று.

புதிய சன்ஹிதாவின் 176ஆவது பிரிவின் மூன்றாவது உட்பிரிவு, 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குச் சென்று தடயம் சேகரித்து வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது. அதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு 5 ஆண்டு அவகாசம் உண்டு. நல்ல விதி. ஆனால் அதில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. 194இல் சந்தேக மரணமாகப் பதிவாகும் வழக்கு இன்னும் குற்ற வழக்கே ஆகவில்லை. எனவே அது இந்தக் கட்டாயத்துக்குள் தானாக வராது. கொலை என்று தெரிந்த இடத்துக்கு நிபுணர் போவார். கொலையா இல்லையா என்று தெரியாத இடத்துக்குப் போக மாட்டார். அவர் மிகவும் தேவைப்படுவது இரண்டாவது இடத்தில்தான். அடுத்து, விதி சொல்லும் நிபுணர் பெரும்பாலும் ஆய்வகத்தைச் சேர்ந்தவராகவே இருப்பார். உடலை அறுக்கப் போகும் மருத்துவர் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அது சொல்லவில்லை.

தமிழ்நாட்டில் பெரும்பாலான மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஒவ்வொன்றிலும் சட்ட மருத்துவத் துறை இருக்கிறது. எல்லாச் சந்தேக மரணத்துக்கும் மருத்துவரை அனுப்ப ஆள் போதாது என்பது உண்மை. காவலில் நேர்ந்த மரணம், திருமணமாகி 7 ஆண்டுக்குள் இறந்த பெண், 12 வயதுக்குட்பட்ட குழந்தை, தீயில் கருகிய உடல் ஆகிய நான்கில் மட்டும், உடலை நகர்த்தும் முன்பு அத்துறையின் மருத்துவர் ஒருவர் இடத்துக்கு வர வேண்டும் என்று மாநில அரசு ஆணையிடலாம். மற்ற வழக்குகளில், பிரேதப் பரிசோதனைக் கோரிக்கையோடு இடத்தின் படங்கள், முடிச்சு அவிழ்க்காத கயிறு, அறை வெப்பக் குறிப்பு ஆகியவை வந்து சேரும் வரை கத்தி வைக்க மறுக்கும் உரிமையை மருத்துவருக்குத் தரலாம். கதையைச் சொல்லும் அந்த இரண்டு மூன்று வரியைத் தனி உறையில் போட்டு ஒட்டி அனுப்பச் சொல்லலாம்.